யாருடைய ஏடு என்று முதலில் கேளுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



எஸ்.பி.எம். தேர்வுக்குக் கணக்கியல் பாடத்தை எடுக்கும் நம் பிள்ளைகள் பலர் படிவம் நான்கின் தொடக்கத்திலேயே திணறுகிறார்கள். இதற்குக் காரணம் கணிதம் அல்ல. அங்கே தேவைப்படுவது பெரும்பாலும் ஆரம்பப் பள்ளிக் கூட்டலும் கழித்தலும்தான். எந்தத் தொகையை டெபிட்டில் எழுதுவது, எதைக் கிரெடிட்டில் எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம்.

வங்கி அறிக்கையைப் பாருங்கள். சம்பளம் வந்து சேர்ந்தால் அதைக் கிரெடிட் என்று காட்டுகிறது. பாடநூலோ, ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் டெபிட் என்கிறது. எது சரி? இரண்டும் சரி. வங்கி அறிக்கை என்பது வங்கியின் ஏட்டில் உள்ளதன் நகல். உங்கள் பணம் வங்கியைப் பொறுத்தவரை அது உங்களுக்குத் தரவேண்டிய கடன். அதனால் அங்கே கிரெடிட். உங்கள் ஏட்டில் அதே பணம் உங்கள் சொத்து. அதனால் டெபிட். ஆகவே பேனாவை எடுக்கும் முன், “இது யாருடைய ஏடு?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரே விதிதான். சொத்து, செலவு, உரிமையாளர் தமக்காக எடுத்த பணம் ஆகியவை கூடினால் டெபிட். கடன், முதல், வருமானம் ஆகியவை கூடினால் கிரெடிட். குறைந்தால் எதிர்ப்பக்கம்.

ஒரு பூக்கடைக் கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் ஒருவர் 5,000 ரிங்கிட் முதல் போட்டுப் பூக்கடை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,000 ரிங்கிட்டுக்குக் குளிர்பெட்டி வாங்குகிறார். 800 ரிங்கிட்டுக்குப் பூவைக் கடனாக எடுத்து, பிறகு அதில் 500 ரிங்கிட்டைக் கட்டுகிறார். பூ முழுவதும் 2,000 ரிங்கிட்டுக்கு ரொக்கமாக விற்றுப்போகிறது. வாடகை 600. மகளின் பள்ளிச் செலவுக்குக் கல்லாவிலிருந்து 300 எடுக்கிறார்.

ஏடு கடையினுடையது. டெபிட் பக்கத்தில் ரொக்கம் 3,600, குளிர்பெட்டி 2,000, கொள்முதல் 800, வாடகை 600, உரிமையாளர் எடுத்தது 300. கூட்டினால் 7,300. கிரெடிட் பக்கத்தில் முதல் 5,000, பூ வியாபாரிக்குத் தரவேண்டியது 300, விற்பனை 2,000. அதுவும் 7,300. இதைத்தான் நம் பிள்ளைகள் பள்ளியில் ‘இம்பாங்ஙான் டுகா’ என்று படிக்கிறார்கள்.

சரி, இரு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால்? பல மாணவர்கள் உடனே விடைப்பகுதியைப் பார்த்து எண்ணை மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வித்தியாசமே பிழை எங்கே என்று சொல்லும். வித்தியாசம் 600 என்று வைத்துக்கொள்வோம். 600 ரிங்கிட் கொண்ட பதிவு ஏதாவது விட்டுப்போனதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதில் பாதியான 300 தவறான பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், அல்லது ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கலாம். 2,000-ஐ 200 என்று எழுதினால் வித்தியாசம் 1,800 வரும். அது 9-ஆல் வகுபடும்.

ஒத்துவந்தாலும் ஓயாதீர்கள்

இரு பக்கமும் ஒத்துவந்துவிட்டால் கணக்கு சரி என்று பொருளல்ல. மேற்சொன்ன கடைக்கு, தேய்மானத்தைச் சேர்க்காமல் பார்த்தால், இலாபம் 600 ரிங்கிட். விற்பனை 2,000-இல் கொள்முதல் 800-ஐயும் வாடகை 600-ஐயும் கழித்தால் வருவது அது. மகளின் பள்ளிச் செலவைக் கடைச் செலவாக எழுதினால் இலாபம் 300 ஆகிவிடும். குளிர்பெட்டியையும் செலவில் சேர்த்தால் 1,700 ரிங்கிட் நட்டம் என்று காட்டும். மூன்று விதமாக எழுதினாலும் இரு பக்கமும் 7,300 தான்!

இது தேர்வு மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமல்ல. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் எத்தனையோ சிறு கடைகள் இருக்கின்றன. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கல்லா என்றால், இலாபத்தில் நடக்கும் கடை நட்டத்தில் நடப்பதாகத் தோன்றும். நட்டத்தில் நடக்கும் கடையில் கல்லா நிறைந்திருக்கும். நம் பூக்கடைக் கல்லாவில் இருக்கும் 3,600 ரிங்கிட் இலாபமல்ல. அதில் பெரும்பகுதி அவர் போட்ட முதல். வங்கியில் கடன் கேட்கப் போகும்போதுதான் பலருக்கு இது புரிகிறது.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. இத்தாலியரான லூக்கா பச்சோலி 1494-இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். நம் நகரத்தார் சமூகமும் தனக்கென ஒரு நுட்பமான கணக்கு முறையை வைத்திருந்தது. கோலாலம்பூர் லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் வட்டித் தொழில் செய்த செட்டியார்கள், பேரேடு எழுதி, ஐந்தொகை போட்டு, செட்டிநாட்டிலிருந்த முதலாளிகளுக்குக் கணக்கு ஒப்பித்தார்கள். பையன்கள் ஏட்டின் முன் உட்கார்ந்து எழுதிப் பழகியே தொழில் கற்றார்கள்.

அதே வழியைத்தான் மாணவர்களுக்கும் சொல்கிறேன். விடையைப் பார்த்து எழுதினால் கை மட்டும்தான் பழகும். ஒவ்வொரு பதிவிலும், “யாருடைய ஏடு, எது கூடியது, எது குறைந்தது?” என்று கேட்டு எழுதுங்கள். கடை வைத்திருக்கும் பெற்றோர்களே, ஒரு வாரத்து ரசீதுகளைப் பிள்ளையிடம் கொடுத்துக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் புரியும். உங்களுக்கும் கடையின் உண்மை நிலை தெரியவரும்.