படத்தில் உள்ளது நிலத்தில் உள்ளதா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் முன்னோர். வீட்டுமனை வாங்க விழையும் குடும்பங்களுக்கு இம்முதுமொழி இந்நாளில் பெரிதும் பொருந்தும்.

கொடிக்காலும் வாழையும் தென்னையும் செழித்த பரமத்தி வேலூர்ப் பகுதியிலும் மனை விளம்பரங்கள் பெருகிவிட்டன. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. அகன்ற தார்ச்சாலை, வரிசையாய் மரங்கள், ஒளிரும் தெருவிளக்குகள்! தந்தையின் ஓய்வூதியப் பணமும் தாயின் நகையும் அப்படத்தை நம்பி முன்பணமாகின்றன. நேரில் வந்து நிற்கும்போது சாலைக்குப் பதில் வரப்பும், மரங்களுக்குப் பதில் சீமைக்கருவேலமுமே காணப்படுமாயின், அக்குடும்பத்தின் நிலை என்னாகும்? கணிப்பொறியில் இல்லாததை வரையவும் இருப்பதை மறைக்கவும் இன்று சில நொடிகளே போதும்.

இத்தீமைக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு வழி கண்டுள்ளது. 2025 அக்டோபரில் ஆளுநரின் ஒப்பம் பெற்று, 2026 ஜனவரி 1 முதல் அங்கு ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நில விற்பனைத் தரகர் திருத்திய படத்தை விளம்பரத்தில் வெளியிட்டால், அது திருத்தப்பட்டது என்று படத்திலோ அதன் அருகிலோ தெளிவாக அறிவிக்க வேண்டும். திருத்தப்படாத மூலப் படத்தையும் வாங்குவோர் காண வழி செய்ய வேண்டும். மேசை நாற்காலிகளைச் சேர்ப்பது, சுவரின் நிறத்தை மாற்றுவது, மின்கம்பத்தை அழிப்பது, சன்னல்வழித் தெரியும் காட்சியை மாற்றுவது ஆகிய யாவும் திருத்தமே. படத்தின் வெளிச்சத்தைச் சீராக்குவதும் ஓரத்தை வெட்டுவதும் திருத்தமாகா. அழகுபடுத்துவதை அச்சட்டம் தடுக்கவில்லை. சொல்லாமல் செய்வதையே தடுக்கிறது.

நம் நாட்டின் நிலை என்ன? 2016 ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் திருத்திய படங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் அதன் 12 ஆம் பிரிவு வலிமை மிக்கது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ கண்ட பொய்யான செய்தியை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புற்றவர் இழப்பீடு பெறலாம். விலகிக்கொள்ள விரும்பினால், செலுத்திய முழுத்தொகையையும் வட்டியோடும் இழப்பீட்டோடும் திரும்பப் பெறலாம். பதிவு செய்யப்பட்ட திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியும் இருத்தல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்ட் நிலத்துக்கு, மேற்பட்ட மனைப்பிரிவுகள் பொதுவாக இப்பதிவைப் பெற வேண்டியவையே.

ஆனால் தனி மனிதர் ஒருவர் தம் பழைய வீட்டை விற்கும்போது இச்சட்டம் துணைக்கு வாராது. அங்கே நிற்பது 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். தாம் அறிந்த முக்கியக் குறைகளை விற்பவர் மறைக்கலாகாது என்கிறது அதன் 55 ஆம் பிரிவு. எனினும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுகொள்ள இயலாத குறைகளுக்கே அக்கடமை பொருந்தும். நேரில் போய்ப் பாராமல் படத்தை மட்டும் நம்பியவர் பின்னர் முறையிடுவது எளிதாகுமா? சிந்திக்க வேண்டும்.

விற்பவர் மட்டுமே உண்மையை மறைப்பதாக எண்ணிவிடலாகாது. கட்டடம் நிற்கும் இடத்தைக் காலி மனை என்று எழுதி, முத்திரைத்தீர்வையைக் குறைப்போரும் உண்டு. ஆதலால்தான் தமிழகப் பதிவுத்துறை, இடத்தின் புவியிடக் குறிப்போடு கூடிய புகைப்படத்தை ஆவணத்தில் இணைக்க வேண்டும் என்று 2023 அக்டோபர் 1 முதல் விதித்தது.

எனவே வாசக அன்பர்களே, முன்பணம் கொடுக்குமுன் சில காரியங்களை மறவாதீர்கள். விளம்பரத்தையும் படத்தையும் அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். வழக்கு வந்தால் அவையே சான்று. மூலப் படத்தைக் கேளுங்கள். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். வில்லங்கச் சான்றும் பட்டாவும் பாருங்கள். பிள்ளைகள் தொலைவில் இருந்தால், வீட்டுப் பெரியவர் ஒருவராவது நேரில் சென்று நான்கு எல்லைகளையும் நடந்து பார்க்கட்டும்.

அக்கம்பக்கத்தாரையும் விசாரியுங்கள். 2018, 2022 ஆகஸ்டு மாதங்களில் மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டதே, அப்போது காவிரி வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். கோடையில் எடுத்த படம், திருத்தப்படாததாயினும், அதனைச் சொல்லாது. அங்கேயே வாழ்ந்த முதியவர் சொல்வார்.

ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு உழைப்பை ஒரு படத்திடம் ஒப்படைக்கலாமா? படம் அழைக்கட்டும், முடிவு செய்வது நம் கால்கள் மண்ணில் நின்ற பின்னரே ஆகட்டும்.