ஆரம்ப வகுப்பும் கழிவுக் குறைப்பும் - சில குறிப்புகள்

ஆரம்பப் பாடசாலைகளில் கழிவுப் பொருள்களைக் கொண்டு அலங்காரப் பொருள்கள் செய்விக்கும் வழக்கம் இன்று பெரிதும் பரவியுள்ளது. வெறும் பிளாஸ்ரிக் போத்தல் பூச்சாடியாகின்றது. யோகட் கிண்ணம் பொம்மையின் தலையாகின்றது. கண்காட்சியில் அதிபரும் பெற்றோரும் கண்டு மகிழ்கின்றனர். பிள்ளையின் கற்பனைக்கும் கைத்திறனுக்கும் இதனால் விளையும் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயின், இச்செயற்பாடு கழிவைக் குறைக்கின்றதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

நடைமுறையை உற்று நோக்குமிடத்து விடை கசப்பாகவே அமைகின்றது. நாளைக்கு இரண்டு போத்தல் கொண்டு வாருங்கள் என ஆசிரியர் பணிக்கின்றார். கிணற்று நீர் அருந்தும் வீட்டில் அப்போத்தல் இராது. எனவே, தாய் கடைக்குச் சென்று மென்பானம் வாங்குகின்றாள். போதாக்குறைக்குப் பசையும் வர்ணமும் மினுக்கத் தாளும் வாங்கப்படுகின்றன. பசையும் வர்ணமும் பூசிய போத்தலை மீள்சுழற்சிக்கு உட்படுத்துவதும் கடினம். தவணை முடிவில் அது குப்பைக்கே போகின்றது. கழிவை உண்டாக்காத வீட்டுப் பிள்ளை, கழிவு இல்லாத காரணத்தினாலேயே வகுப்பிற் குறைந்து நிற்கும் விந்தையும் இங்குண்டு!

குறைத்தல், மீளப் பயன்படுத்தல், மீள்சுழற்சி செய்தல் என்னும் மூன்றினுள் முதலாவதே முதன்மையானது. கழிவு தோன்றிய பின்னர் அதற்கு அணி செய்வதிலும், தோன்றுமுன் அதனைத் தடுப்பதிலேயே ஆக்கத்திறன் செலவிடப்படல் வேண்டும். வடபகுதிப் பிள்ளைக்கு இதனை விளக்கத் தொலைதூர உதாரணம் வேண்டியதில்லை. கூழ் குடித்த பிளா, பனங்கட்டியை அடக்கிய குட்டான், எருச் சுமந்த கடகம், பிட்டு அவித்த நீற்றுப்பெட்டி யாவும் பனையோலையால் ஆனவை. பயன் முடிந்ததும் அவை மண்ணோடு மண்ணாயின. பழமை போற்றுதல் நமது நோக்கமன்று. அப்பெட்டிகளை இழைத்த பெண்களின் உழைப்புக்குக் கிடைத்த ஊதியம் அற்பமே என்பதை மறத்தலாகாது. எனினும், நான்காம் வகுப்புப் பிள்ளை குருத்தோலையை வார்ந்து சிறு பெட்டியொன்றை இழைப்பின், அதனுள் கணிதமும் உண்டு, உழைப்பின் அருமையும் உண்டு. அப்பெட்டி கண்காட்சி மேசையில் உறங்காது, பிள்ளையின் இடைவேளைப் பண்டத்தைச் சுமக்குமாயின் ஒரு பொலித்தீன் பை குறைகின்றது.

இதனினும் பயனுள்ளதாக நாம் கருதுவது வகுப்பறைக் குப்பைக்கூடையையே பாடமாக்குதலாகும். வாரம் ஒருமுறை கூடையை விரித்த பழந்தாளின் மேற் கொட்டிக் குச்சிகளால் வகை பிரித்து, ஒவ்வொரு வகையையும் தராசில் நிறுத்து, நிறையைச் சுவரில் வரைபடமாக்கலாம். வாழைப்பழத்தோல் பசளைக் குழிக்குப் போகின்றது. ஒரு பக்கம் எழுதிய தாள் தைக்கப்பட்டுக் கொப்பியாகின்றது. அடுத்த வாரம் எதனை இல்லாமற் செய்யலாம் என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்கின்றனர். அதனைப் பாட்டாகவோ பொம்மலாட்டமாகவோ மற்றைய வகுப்புகளுக்குக் காட்டலாம். இவ்வாறு குறைத்துச் செல்லுங்கால், எவராலும் குறைக்க முடியாத ஒன்று எஞ்சும். பிளாஸ்ரிக்கும் உலோகமும் படையாக ஒட்டிய பிஸ்கற் உறை அது. இதை இப்படிச் செய்தவர் யார் என்று பிள்ளை கேட்பின், சமூகக் கல்வி அங்கேயே தொடங்கிவிட்டது. உறையைத் தீர்மானிப்பவர் உற்பத்தியாளர். அதன் குற்றவுணர்வை எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுதல் நியாயமன்று. பொலித்தீன் உணவுத்தாளுக்கு 2017 செப்டெம்பர் முதலாந் திகதி தடை வந்தது சட்டத்தினாலேயன்றிப் பிள்ளைகளின் நல்லொழுக்கத்தினால் அன்று.

அதே ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரம் எறிந்தது ஏழைகளின் வீடுகள் மேல் விழுந்தது. குப்பை எங்கே போகின்றது, அதனை யார் அள்ளுகின்றனர் என்பவற்றை விலக்கிய கழிவுக் கல்வி அரைகுறையானதே. நம் சமூகத்தில் துப்புரவுத் தொழில் மீது சாதி இழிவு சுமத்தப்பட்டிருப்பதை நாம் அறிவோம். வகுப்பிற் பிழை செய்த மாணவனை முற்றத்துக் குப்பை பொறுக்குமாறு தண்டிக்கும் ஆசிரியர், அவ்விழிவையே மீண்டும் கற்பிக்கின்றார். முறைவைத்து எல்லாப் பிள்ளைகளும், இயலுமாயின் ஆசிரியரும், அப்பணியைச் செய்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என ஆசிரியர்கள் வினவுவது நியாயமே. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என ஒரு பாடம் ஆரம்பக் கலைத்திட்டத்தில் இருந்தபோதிலும், ஐந்தாந் தரத்தில் புலமைப்பரிசிற் பரீட்சை அதனைப் பயிற்சி வினாக்களாகச் சுருக்கிவிடுகின்றது. அவ்வகுப்பின் கூடையை ஒருநாள் நிறுத்துப் பார்த்தால், அதில் மிகுதியாய் இருப்பவை ஒரு பக்கம் மட்டும் அச்சிடப்பட்ட மாதிரி வினாத்தாள்களாகவே இருக்கும். அவற்றிற் சில, கழிவு முகாமைத்துவம் பற்றியவை.