இருட்டில் பேசும் செல்கள்

சின்ன வயசுல என் அத்தை பையனோட மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போவேன். மாட வீதி வெயிலிலிருந்து சன்னதிக்குள்ள நுழைஞ்சதும் ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியாது. சில நிமிஷத்துல எனக்குத் தூண், படி, முன்னாடி நிக்கிறவங்க எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அவனுக்குத் தெரியாது. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே நடப்பான். பயந்தாங்கொள்ளின்னு நாங்க கேலி பண்ணுவோம்.

அந்தச் சில நிமிஷத்துல கண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னுதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

நம்ம விழித்திரையில ரெண்டு வகை ஒளி உணரும் செல்கள் இருக்கு. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். நிறமும் நுணுக்கமும் அவற்றின் வேலை. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. மங்கலான வெளிச்சத்துல பார்க்க வைக்கறது அவைதான்.

இதுல ஒரு ஆச்சரியம். வெளிச்சம் பட்டா இந்த செல்கள் சிக்னல் அனுப்பும்னுதான் நாம நினைப்போம். நடக்கறது தலைகீழ். இருட்டுலதான் அவை பக்கத்து நரம்பு செல்லுக்கு இடைவிடாம ரசாயனத்தைச் சுரந்துக்கிட்டே இருக்கு. வெளிச்சம் பட்டதும் அது குறையுது. சர்வர்ல 'ஹார்ட்பீட்' வைப்போம் இல்லையா? "இருக்கேன், இருக்கேன்"னு வர்ற மெசேஜ் நின்னா, ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம். கண்ணும் அப்படித்தான், செல் அமைதியாவதைத்தான் வெளிச்சம்னு புரிஞ்சுக்குது.

அமைதியாக்கறது யாரு? குச்சி செல்லுல ரொடாப்சின்னு ஒரு புரதம். அதுக்குள்ள வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினால் மூலக்கூறு வளைஞ்சு உட்கார்ந்திருக்கும். ஒளி பட்டதும் அது நிமிர்ந்துடும். அந்தச் சின்ன அசைவுதான் பார்வையோட தொடக்கம். நிமிர்ந்ததை மறுபடி வளைச்சு வச்சாத்தான் அந்தப் புரதம் அடுத்த ஒளிக்குத் தயார். வெயில்ல ஏராளமா நிமிர்ந்து போயிருக்கும். கூம்பு செல்கள் சில நிமிஷத்துல மீண்டுடும். குச்சி செல்கள் முழுசா மீள அரை மணி நேரம் வரை ஆகும்.

அப்போ வைட்டமின் ஏ குறைஞ்சா முதல்ல அடிவாங்கறது இருட்டுப் பார்வை. அதுதான் மாலைக்கண். குறைபாடு கண்ணோட நிக்கறதும் இல்லை. மதுரை அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் திருச்சி மாவட்டத்துல சுமார் 15,000 குழந்தைகளை ஒரு வருஷம் கவனிச்சாங்க. வாரா வாரம் சின்ன அளவு வைட்டமின் ஏ கிடைச்ச குழந்தைகள்ல இறப்பு 54% குறைவு. 1990-ல வெளிவந்த ஆய்வு இது.

ஆனா என் அத்தை பையனுக்குச் சாப்பாட்டுல குறை இல்லை. 19 வயசுல, ஒரு சாயங்காலம் உஸ்மான் ரோட்டுல பக்கவாட்டுல வந்த ஆளைப் பார்க்காம பைக்கால இடிச்ச பிறகுதான் கண் டாக்டர்கிட்ட போனோம். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. மரபணுக் கோளாறால குச்சி செல்கள் ஒவ்வொண்ணா அழியற நோய். முதல்ல இருட்டுப் பார்வை போகும், அப்புறம் ஓரப் பார்வை சுருங்கும்.

அத்தை கட்டிக்கிட்டது சொந்த தாய்மாமாவை. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பழுதான மரபணு ஒவ்வொரு பிரதி இருந்திருக்கு. அவங்க ரெண்டு பேருக்கும் பார்வையில பிரச்சினை இல்லை. பையனுக்கு ரெண்டு பழுதான பிரதியும் வந்துடுச்சு. சொந்தத்துல கல்யாணம் பண்ணும்போது இந்த வாய்ப்பு கூடுது.

நிமிர்ந்த ரெட்டினாலை வளைக்கற நொதிக்கான ஆர்.பி.இ.65 மரபணு பழுதானவங்களுக்கு 2017-ல அமெரிக்கா ஒரு மரபணு சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுத்தது. இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்கள் நிறைய. அதுல ஒண்ணுக்குத்தான் அந்தச் சிகிச்சை. அவனோடது வேற மரபணு.

உங்க வீட்டுக் குழந்தை பொழுது சாய்ஞ்சா தடுமாறுதா, தியேட்டர்ல சீட்டைத் தடவித் தேடுதா? கேலி பண்ணாதீங்க, கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சத்துக் குறையா இருந்தா சரி பண்ணிடலாம். மரபணுக் கோளாறா இருந்தாலும், அந்தப் பிள்ளை பைக் சாவியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். எங்களுக்கு அது ரொம்பத் தாமதமாத்தான் தெரிஞ்சது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.