கொல்லன் மகன் என்றொரு பெயர்

பொருளாதாரம் வளரத் தொடங்கும்போது வருவாய் ஏற்றத்தாழ்வு முதலில் கூடும். பின்னர் குறையும் என்கிறது 'குஸ்நெட்ஸ் வளைவு'. இதைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஆனால், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகே தெரிந்துகொண்டேன்: ரஷிய மொழியில் 'குஸ்நெட்ஸ்' என்றால் கொல்லன். பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் ஸ்மித்தின் குடும்பப் பெயருக்கும் அதே பொருள்தான்.

'குஸ்நெட்ஸ்' என்பதோடு உடைமையைக் குறிக்கும் 'ஓவ்' விகுதி சேர்ந்தால் 'குஸ்நெட்சோவ்'. அதாவது, கொல்லனுடைய மகன். ரஷியாவில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் இதுவும் ஒன்று.

கொல்லர்கள் மிகுதியாக இருந்ததால் இப்பெயர் பெருகியது என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. ஊரில் பெரும்பாலோர் உழவர்கள். அங்கே ஒருவரை 'உழவன் மகன்' என்று சொன்னால் அடையாளம் தெரியாது. கொல்லுப்பட்டறையோ ஊருக்கு ஒன்றிரண்டுதான். எனவே 'கொல்லன் மகன்' என்றால் யாரென்று எல்லோருக்கும் விளங்கும். ஒவ்வோர் ஊரிலும் அரிதாக இருந்ததே, நாடு முழுவதையும் கூட்டிப் பார்க்கையில் இப்பெயரைப் பெரும்பான்மையாக்கியது. தொழிற்பகுப்பைப் பற்றி ஆடம் ஸ்மித் எழுதியதற்கு அவருடைய பெயரே ஒரு சான்று.

எல்லை கடந்தால் ஒலி மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. உக்ரைனில் கோவலென்கோ, போலந்தில் கோவால்ஸ்கி, செர்பியாவில் கோவாசெவிச் எல்லாம் ஒரே ஸ்லாவிய வேரிலிருந்து கிளைத்தவை. ஸ்லாவிய இனத்தைச் சேராத ஹங்கேரிய மொழிகூட அச்சொல்லைக் கடன் வாங்கி 'கோவாச்' என்ற பெயரை உருவாக்கிக்கொண்டது. ஜெர்மனியில் ஷ்மிட், பிரான்சில் லெஃபெவ்ர், இத்தாலியில் ஃபெராரி, அரபு நாடுகளில் ஹத்தாத் என வேர்கள் வெவ்வேறாயினும் உலைக்களம் ஒன்றே. லாட்விய மொழியில் எழுதும்போது குஸ்நெட்சோவ், 'குஸ்நெட்சோவ்ஸ்' ஆகிவிடுகிறார். அமெரிக்காவில் குடியேறிய இத்தகைய குடும்பங்கள் பல, தம் பெயரை மொழிபெயர்த்து 'ஸ்மித்' என்றே மாற்றிக்கொண்டன.

நிலையான குடும்பப் பெயர் எல்லோருக்கும் ஒரே காலத்தில் கிடைத்துவிடவில்லை. ரஷியப் பிரபுக்களிடம் அது முன்பே இருந்தது. யூதர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என 1804-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. பண்ணையடிமைகளாக இருந்த உழவர்களில் மிகப் பலருக்கோ, 1861-இல் அந்த முறை ஒழிந்த பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் வாய்த்தது. பெயரைப் பதிவேட்டில் எழுதுவது என்பது, மனிதரை அரசு கணக்கில் எடுத்துக்கொள்வது. வரிக்கும் படைக்கும் ஆள் தேடும் அரசின் தேவை அதன் பின்னணியில் இருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

இன்றைய பெலாரூஸிலுள்ள பின்ஸ்க் நகரில், யூதக் குடும்பமொன்றில் 1901-இல் பிறந்து, 1922-இல் அமெரிக்கா சென்ற சைமன் குஸ்நெட்ஸின் வாழ்நாள் பணியும் கணக்கெடுப்பதுதான். ஒரு நாட்டின் உற்பத்தியை அளக்கும் முறையை வகுத்ததில் அவர் முன்னோடி. 1971-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆனால், தேசிய வருமானத்தைக் கொண்டு மக்களின் நலனை முடிவு செய்துவிட முடியாது என்று 1934-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எச்சரித்தவரும் அவர்தான். இல்லத்தரசிகளின் உழைப்பு அக்கணக்கில் சேராததையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இதைப் படிக்கும்போது அந்தப் பெயரே மீண்டும் நினைவுக்கு வருகிறது. கொல்லனின் மகள் 'குஸ்நெட்சோவா' ஆகிறாள். அதிலும் தந்தையின் தொழிலே நிற்கிறது. பட்டறைக்காரனுக்குச் சமைத்து, பிள்ளைகளை வளர்த்து, ஆடுமாடுகளைப் பேணிய தாயின் உழைப்புக்கு அப்பெயரில் இடமில்லை. பின்னாளில் வந்த தேசியக் கணக்கிலும் இடமில்லை. பெயர் மொழிக்கு மொழி மாறிவிட்டது. இந்த விடுபாடு மட்டும் எம்மொழியிலும் மாறவில்லை.