பழைய பின் ஆக்சிலுக்குப் பிரேக் டிரம்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப் பாதையில் இறங்கும் பழைய ஜீப்புக்குப் பின்சக்கர டிரம் பிரேக் பெருந்துணை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தினால் டிரம் சூடேறி விரியும். லைனிங்கின் பிடிப்பும் குறையும், பெடல் ஆழமாக இறங்கும்.

தேய்ந்த டிரம்முக்கு மாற்று தேடுபவர் ஆர்சி புத்தகத்தில் உள்ள மாடலை மட்டும் நம்பக் கூடாது. முப்பது ஆண்டு ஓடிய வண்டியில் ஆக்சிலே வேறொன்றாக மாறியிருக்கலாம். டிரம்மைக் கழற்றி உள்விட்டம், ஷூவின் அகலம், போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், நடுத்துளையின் அளவு, வீல் சிலிண்டரின் உள்விட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதே சரியான தொடக்கம். பழைய டிரம்மையும் கடைக்கு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

புதியது கிடைக்காவிட்டால் லேத்தில் கடைசல் பிடிக்கலாம். பல டிரம்களில் அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டியதும் விரிசல் கண்டதும் பழைய இரும்புக்குத்தான். ஷூ நன்றாக இருந்தால் புது லைனிங்கை ரிவெட் அடித்தோ ஒட்டியோ பொருத்தலாம். சென்னை பாடியிலேயே பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்னும் உற்பத்தியாளர்கள் உள்ளனர்.

இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆக்சில் ஆயில் சீல் கசிந்தால் புது லைனிங்கும் எண்ணெயில் ஊறிவிடும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.