மனநோய்க்குப் பணி செய்யும் படிப்பு

எண்ணூரிலிருந்து பெரியவர் ஒருவர் சென்ற வாரம் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். கடல் தொழில் செய்பவர். அவருடைய மகள் நர்ஸிங்கில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து வருகிறாள். மேலும் இரண்டு வருஷம் படித்து எம்.எஸ்ஸி. பட்டமும் பெற விரும்புகிறாள். படிப்பதில் தகப்பனாருக்கு ஆட்சேபம் இல்லை. மகள் தேர்ந்துகொண்ட பிரிவு மனநலச் செவிலியம் என்பதுதான் அவருடைய விசாரத்துக்குக் காரணம். “ஐயா, நீங்க வக்கீலுக்குப் படிச்சவரு, நீங்க சொன்னா கேட்பா. பிரசவ வார்டு இருக்கு, குழந்தைங்க வார்டு இருக்கு. இவ கீழ்ப்பாக்கம் போறேன்னு நிக்கிறா. நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?” என்றார்.

கீழ்ப்பாக்கம் என்பது ஓர் ஊரின் பெயர். சென்னைவாசிகளின் வாயில் அது வசைச்சொல்லாகி வெகுகாலம் ஆயிற்று. தெருச் சண்டையிலும் சினிமா ஹாஸ்யத்திலும் அந்தப் பெயர் படும் பாட்டை நேயர்கள் அறிவார்கள். 1794-ம் வருஷம் வாலண்டைன் கானலி என்ற வைத்தியர் புரசைவாக்கத்தில் ஏற்படுத்திய சிறு விடுதியே அந்த ஆஸ்பத்திரிக்கு மூலம். 1871-ல் அது 145 நோயாளிகளுடன் கீழ்ப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. 1922-ல் பைத்தியக்கார விடுதி என்ற பெயர் நீங்கி சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரியாயிற்று. 1978-ல் மனநலக் கழகமாயிற்று. சர்க்கார் இரண்டு முறை பெயரை மாற்றியும் ஜனங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். கீழ்ப்பாக்கத்து மதில்கள் நோயாளிகளை ஏற்ற அதே 1871-ல்தான் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஒரே நகரம், ஒரே வருஷம். ஆனால் மனநோயாளிக்குப் பணிவிடை செய்வதும் தனியே கற்க வேண்டிய வித்தை என்று நம் தேசம் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய நூறு வருஷங்கள் பிடித்தன. அதுவரை சாவிக்கொத்தும் தோள்வலிவுமே காவலர்களுக்கு வேண்டிய யோக்யதாம்சங்கள். பெங்களூர் மனநல ஸ்தாபனத்தில் 1956-ல் இதற்கென்று டிப்ளோமா வகுப்பு ஏற்பட்டது. 1965-ல்தான் இந்திய நர்ஸிங் கவுன்சில் இதைப் பட்டப்படிப்பில் கட்டாய பாடமாக்கியது. இன்று பி.எஸ்ஸி. வகுப்பில் ஐந்தாம், ஆறாம் பருவங்களில் எல்லா மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள். எம்.எஸ்ஸி.யில் இதுவே ஒரு தனிப் பிரிவு. நமது ராஜ்யத்தில் இப்பட்டங்களை வழங்குவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

“அங்கே படிக்க என்ன இருக்கிறது? மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. அவர்களுக்கு நாம் காசிமேட்டையும் துறைமுகத்தையும் விட்டு வெளியே போகாமலே பதில் சொல்ல முடியும்.

வருஷக்கணக்காகக் குடித்து வந்த ஒரு தொழிலாளி திடீரென்று குடியை நிறுத்துகிறான். வீட்டார் சந்தோஷப்படுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் அவனுக்குக் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, இல்லாத மனிதரோடு பேசுகிறான், சுவரில் பூச்சி ஊர்வதாக அலறுகிறான். பேய் என்று நினைத்து மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். உண்மையில் அது உயிரைக் குடிக்கக்கூடிய வியாதி. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பிழைக்கக்கூடிய வியாதியுங்கூட. அவனுக்கு வெறும் குளுக்கோஸை ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற வைட்டமினைக் கொடுக்காவிட்டால் மூளை சேதப்படலாம் என்பது இந்தப் பாடத்தில் வருகிறது.

இன்னொன்று. உற்சாக வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு லித்தியம் என்ற மருந்து கொடுப்பார்கள். உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் அதுவே நஞ்சாகிவிடும். குளிர்ந்த அறையில் வேலை செய்யும் குமாஸ்தாவுக்கு இதனால் வரும் அபாயம் சொற்பம். சித்திரை வெயிலில் கப்பல் சரக்கு இறக்குகிறவனுக்கும், மணலியில் உலை முன் நிற்பவனுக்கும் அப்படியல்ல. நடையில் தள்ளாட்டம், கையில் நடுக்கம், வாந்தி, பேதி ஆகியவற்றைக் கண்டவுடன் குடித்திருக்கிறான் என்று எண்ணாமல், ரத்தத்தைச் சோதிக்கச் சொல்ல ஒரு நர்ஸ் வேண்டும். அவனுடைய வேலை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருப்பது இன்னும் நல்லது. எண்ணூர்ப் பெண் ஒருத்தி இதைப் படிப்பதை நாம் விசேஷமாக விரும்புவதற்கு அதுவே காரணம்.

இவ்வளவையும் நாம் சொல்லிக்கொண்டு வந்தபோது பெரியவர் மௌனமானார். பிறகு, “என் தம்பி அப்படித்தான் போனான்” என்றார். மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலில் கட்டிப்போட்டார்களாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் இவரும் ஒருவர். மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

கட்டிப்போடுவது நம் நாட்டு வழக்கம். அதன் முடிவை 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் கண்டோம். கொட்டகையில் தீப் பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். திருவொற்றியூரோ, இறைவனையே பித்தன் என்று அழைத்த சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம்; ஊரார் கண்ணுக்குப் பித்தராய்த் திரிந்த பட்டினத்தார் அடங்கிய கடற்கரை. அவருடைய சமாதியில் கற்பூரம் ஏற்றிவிட்டு, வீட்டிலுள்ள பித்தனை உள்ளறையில் வைத்துப் பூட்டுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று திட்டமாகத் தடுக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்குகிறது. 1912-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் நோயாளியை அடைத்து வைப்பதைப் பற்றியே கவலைப்பட்டது என்பதை நினைத்தால் இது எவ்வளவோ முன்னேற்றம். ஆயினும் வக்கீல் கண்ணுக்கு ஒரு பொத்தல் தெரிகிறது. “மனநல நர்ஸ்” யார் என்று சொல்லுமிடத்தில், மனநோய் நர்ஸிங்கில் பட்டமோ டிப்ளோமாவோ பெற்றவரோடு, பொது நர்ஸிங்கில் அவற்றைப் பெற்றவரையும் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. ஆள் பற்றாக்குறையால் அப்படி எழுதியிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷம் கூடுதலாகப் படித்தவளுக்கும் படிக்காதவளுக்கும் சட்டத்தின் கண்ணில் பேதமில்லையென்றால், படித்தவளுக்கென்று ஒரு ஸ்தானத்தை ஏற்படுத்த எந்த இலாகாவுக்குத் தோன்றும்? இப்படிப் பட்டம் பெற்றவர்கள் கல்லூரி ஆசிரியர்களாகிறார்கள். அல்லது கடல் கடந்து போகிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் எலும்பு முறிவு வார்டுக்கும் மாற்றப்படலாம். ஆசிரியர்களும் வேண்டியவர்களே, மறுக்கவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருக்கப் போவது யார் என்றுதான் கேட்கிறோம்.

அதே சட்டத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. ஜனத்தொகைக்குத் தக்கபடி சர்வதேச அளவுக்கு மனநல ஊழியர்களைப் பெருக்கப் பத்து வருஷத்துக்குள் சர்க்கார் முயல வேண்டும் என்பது அது. சட்டம் 2018-ல் அமுலுக்கு வந்தது; கெடு 2028-ல் முடிகிறது. 2015-16-ல் நடந்த தேசீய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் மனநோய் இருப்பதாகக் கண்டது. வியாதிக்குத் தக்கபடி, சிகிச்சை பெறாதவர்கள் நூற்றுக்கு 70 முதல் 92 வரை.

வட சென்னைக்கென்று தனிக் கணக்கு வேண்டியதில்லை. 2023-ம் வருஷம் டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. வலையும் படகும் கெட்டன. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மூச்சுத் திணறியவர்களுக்கு வைத்தியம் நடந்தது. அதற்குப் பின் தூக்கம் வந்ததா என்று வீடு வீடாகப் போய்க் கேட்க, கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?

1782-ல் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியாகத் தோன்றிய ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிபோன் எண்ணில் இலவச யோசனையும் கிடைக்கிறது. இரண்டும் நல்லவை. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம் ஆகிய ஐந்து மண்டலங்களிலும் நகர ஆரம்ப சுகாதார நிலையங்களில், இதே படிப்புப் படித்த நர்ஸுகளை, வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு, சர்க்கார் நியமிக்க வேண்டும். கல்லூரிகளைத் திறந்துவிட்டு உத்தியோகங்களைத் திறக்காமல் இருப்பது நியாயமாகாது.

பெண்களுக்குத் தகாத இடம் என்ற ஆட்சேபத்துக்கு நாம் அதிகம் பேசவில்லை. 1961-ல் அந்த ஆஸ்பத்திரிக்கே சூப்பரிண்டெண்டாகி 1978 வரை நிர்வகித்த டாக்டர் சாரதா மேனன் ஒரு பெண்மணி என்று மட்டும் சொன்னோம். பெரியவர் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. கல்யாண விஷயத்தில் அவர் முழுதும் சமாதானமானதாகவும் தோன்றவில்லை. புறப்படும்போது, “படிச்சு முடிச்சா இங்கேயே வேலை போடுவாங்களா?” என்று கேட்டார். போடுவார்கள் என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. எம்.எஸ்ஸி.யில் சேர ஒரு வருஷ அனுபவம் வேண்டும். அவருடைய மகளுக்கு அது பூர்த்தியாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.