பாதி விலைக் கம்ப்யூட்டரும் நம் கடைக் கணக்கும்



அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர் வட்டாரத்தில் சிறிய மளிகைக் கடைகளில்கூட இன்று பில் போடும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மெஷின், பில் அடிக்கும் சிறிய பிரிண்டர், பார்கோடு படிக்கும் கருவி, கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ். இவற்றில் ஒன்று பழுதானால், கடையில் வேலை செய்யும் பையன் செல்போனைக் காட்டி, "அண்ணாச்சி, இதோ பாதி விலைக்குக் கிடைக்கிறது, இன்று இரவு 12 மணி வரைதானாம்" என்கிறான். நாமும் வியாபார அவசரத்தில், "சரி, போட்டுவிடு" என்று சொல்லிவிடுகிறோம்.

ஆன்லைனில் வாங்குவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. நேர்மையாக விற்பவர்கள் அங்கும் இருக்கிறார்கள். ஆனால் சரக்கு வாங்கும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியைக் கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

விலை எங்கே குறைகிறது?

ஒருவர் துவரம் பருப்பை மண்டி விலையில் பாதிக்குத் தருகிறேன் என்று வந்தால் நாம் என்ன செய்வோம்? மூட்டையைப் பிரித்து அடியிலிருந்து ஒரு பிடி எடுப்போம். வண்டு விழுந்ததா, போன வருடச் சரக்கா, கேசரிப் பருப்பு கலந்ததா என்று பார்ப்போம். பில் உண்டா என்று கேட்போம். சரக்கு நன்றாக இருந்தாலும், "இந்த விலைக்கு இவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?" என்று யோசிக்காமல் பணம் கொடுக்க மாட்டோம்.

கம்ப்யூட்டர் சாமானுக்கும் இதே கணக்குதான். விலை குறைவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. புது மாடல் வந்ததும் பழைய மாடலைக் கழிப்பார்கள். பண்டிகைக் காலத்தில் கம்பெனியே தள்ளுபடி கொடுக்கும். மொத்தமாக வாங்கியவர் குறைந்த லாபத்துக்கு விற்பார். இவற்றால் வரும் தள்ளுபடிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையையும் தாண்டி விலை இறங்கினால் வேறு காரணம் இருக்க வேண்டும். ஏற்றிப் போட்ட அதிகபட்ச விலையிலிருந்து தள்ளுபடி காட்டியிருப்பார்கள். அல்லது பழைய பொருளைப் புதிது என்கிறார்கள். அல்லது வரி கட்டாத, உத்தரவாதம் இல்லாத, போலியான சரக்காக இருக்கும். சில சமயம் சரக்கே இருக்காது.

இன்னொரு செய்தியும் உண்டு. கம்ப்யூட்டரில் போடும் மெமரியின் விலை 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கூடங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதே முக்கியக் காரணம். உற்பத்தி இடத்திலேயே விலை ஏறும்போது ஒருவர் பாதி விலைக்குக் கொடுக்கிறார் என்றால், மொத்த வியாபாரம் தெரிந்த நமக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

251 ரூபாய் போன்

சரக்கே இல்லாத வியாபாரத்துக்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற கம்பெனி, 'ஃப்ரீடம் 251' என்ற ஸ்மார்ட்போனை 251 ரூபாய்க்குத் தருவதாகப் பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் செய்தது. ஆன்லைனில் முன்பதிவு தொடங்கியதும் கூட்டம் தாங்காமல் அதன் இணையதளம் நின்றுபோனது. ஆனால் முன்னோட்டமாகக் காட்டிய போன்களில் 'ஆட்காம்' என்ற வேறொரு கம்பெனியின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அந்தப் போனை அந்த விலைக்குச் செய்யவே முடியாது என்று கைபேசித் தொழிலில் உள்ளவர்கள் அப்போதே கூறினர்.

நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது. 2017 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் நிர்வாகி கைது செய்யப்பட்டார். புகார் கொடுத்தவர் காசியாபாத்தைச் சேர்ந்த விநியோகஸ்தர். 30 லட்சம் ரூபாய் கட்டியும் சரக்காகவும் பணமாகவும் சுமார் 14 லட்சம்தான் திரும்பி வந்தது என்பது புகார். 251 ரூபாய் கட்டியவருக்குப் போனால் 251 ரூபாய். லட்சக்கணக்கில் கட்டியவர் நம்மைப் போன்ற வியாபாரி.

சொல்வது 2 டெராபைட், இருப்பது 32 ஜி.பி.

சரக்கு கைக்கு வந்த பிறகும் ஏமாற்றம் உண்டு. 2 டெராபைட் பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்கு என்று விளம்பரம் வருகிறது. வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினால் 2 டெராபைட் என்றே காட்டும். உள்ளே இருப்பதோ 32 அல்லது 64 ஜி.பி. சில்லு. கேட்கும்போது பொய்க் கணக்கைச் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லில் எழுதி வைத்துவிடுகிறார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகு எழுதுவது, பழையதன் மேலேயே எழுதப்படும் அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். ஃபைலின் பெயர் மட்டும் பட்டியலில் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது. ஒரு படிக்கு இரண்டு படி என்று குறிபோட்ட அளவுப் படியைப் போன்றது இது.

நம் கடைக் கணக்கு அளவில் சிறியது. ஆகவே இந்த மோசடி உடனே தெரியாது. கடையின் கேமராவில் போட்ட மெமரி கார்டு போலி என்றால், திருட்டு நடந்த நாளின் பதிவைத் தேடும்போதுதான் தெரியவரும். கணக்கின் நகலை அதில் வைத்திருந்தால், கம்ப்யூட்டர் பழுதாகும் நாளில்தான் தெரியவரும்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதை நம் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஈரமான பேரேட்டை ஒவ்வொரு தாளாக உலர்த்திப் பார்த்தவர்களுக்கு நகல் ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள், அதாவது 6 ஆண்டுகள், கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். வாடிக்கையாளர் பாக்கி, சப்ளையருக்குத் தர வேண்டியது, சரக்கு இருப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மிச்சம் பிடித்தது ஆயிரம் ரூபாய்; பணயம் வைத்தது கடையின் முழுக் கணக்கு.

பழைய மெஷினுக்குப் புதுச் சட்டை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கம்ப்யூட்டரும் கிடைக்கும், அதன் உதிரிகளும் கிடைக்கும். அங்கே வாங்குபவருக்கு அது பழையது என்று தெரியும். கையில் எடுத்துப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார், தெரிந்தே வாங்குகிறார். அதில் ஏமாற்று இல்லை. பழையதைப் புதிது என்று சொல்லும்போதுதான் தொல்லை.

பெரிய கம்பெனிகள் கழித்த மேசைக் கம்ப்யூட்டர்களைத் துடைத்துச் சீர்செய்து 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்கிறார்கள். உத்தரவாதத்தோடு தந்தால் சிறு கடைக்கு அது போதுமானதே. ஆனால் 'ஐ5' என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். மேசைக் கம்ப்யூட்டரில் 4570 என்றால் 4ஆம் தலைமுறை. 8500 என்றால் 8ஆம் தலைமுறை. 12400 என்றால் 12ஆம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பின் வந்ததோ வேண்டும். 4ஆம் தலைமுறை மெஷின் பாதி விலைக்கு ஏன் வருகிறது என்பது இப்போது விளங்கும்.

ஹார்டு டிஸ்க்கிலும் இதே கதைதான். பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளை, ஓடிய நேரக் கணக்கை அழித்துவிட்டுப் புதியவையாக விற்றது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானது. கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைத்துப் பழைய வண்டியை விற்பது போன்றது இது. கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு உத்தரவாதம் எந்தத் தேதி வரை என்று பார்ப்பது நல்லது.

பில் இல்லாத மலிவு

ஒரு மெஷின் விலை 20,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600 ரூபாய், ஆக 23,600 ரூபாய் என்று நம் ஊர் டீலர் சொல்கிறார். அதே மெஷின் ஆன்லைனில் 21,500 ரூபாய். ஆனால் நம் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கிடையாது. 2,100 ரூபாய் லாபம் என்று தோன்றும்.

சாதாரண முறையில் வரி கட்டும் கடைக்காரருக்கு டீலர் பில்லில் உள்ள 3,600 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு மெஷின் 20,000 ரூபாய்தான். ஆன்லைனில் வாங்கியவருக்கு முழுசாக 21,500 ரூபாய். ஆக 1,500 ரூபாய் நஷ்டம். ஆன்லைனில் வாங்கினாலும் கடையின் எண்ணைக் கொடுத்து பில் வாங்க வேண்டும். அந்தப் பில் நம் 2பி பட்டியலில் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விற்றவர் ரிட்டர்னில் காட்டாவிட்டால் வரவு கிடைக்காது. காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இந்த வரவு இல்லை. ஆயினும் உத்தரவாதத்துக்கும் புகாருக்கும் பில் இல்லாமல் முடியாது.

புகார் என்றதும் இன்னொன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. தானே கல்லாவில் உட்காரும் சிறு கடைக்காரர் இந்த விலக்கைக் கேட்கலாம்; மறுவிற்பனைக்கு வாங்கியவர் கேட்க முடியாது. நம் பகுதிக்குச் செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். எதிர்த் தரப்பு வட மாநிலத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் இடத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெயரும் முகவரியும் இல்லாதவர் மேல் எங்கே வழக்குப் போடுவது?

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. விற்பவரின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலர் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

2. ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்க்கவும். 15 எழுத்துகள், முதல் இரண்டு மாநில எண். தமிழ்நாட்டுக்கு 33. எண் உயிரோடு இருக்கிறதா, பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

3. லேப்டாப், பிரிண்டர், அடாப்டர், யு.பி.எஸ்., பில் போடும் மெஷின் ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். எண்ணெய் டின்னும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய கடையில் தரமில்லாத அடாப்டர் தீ விபத்துக்கு வழி.

4. வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டு வாங்க வேண்டாம். பிரபலத் தளத்தின் பெயரில் ஓர் எழுத்து மாற்றிய போலித் தளங்கள் பல.

5. தெரியாத இடத்துக்கு யு.பி.ஐ.யில் முன்பணம் அனுப்ப வேண்டாம். பொருள் வந்தபின் பணம் தரும் முறையே நல்லது.

6. பெட்டியைப் பிரிக்கும்போது செல்போனில் தொடர்ச்சியாக வீடியோ எடுத்து வைக்கவும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் மெஷினில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

7. பென் டிரைவ், மெமரி கார்டு எதுவானாலும் முதலில் முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தபின் பயன்படுத்தவும். இதைச் சோதிக்க இலவச சாஃப்ட்வேர் உண்டு. சர்வீஸ் செய்பவரிடம் கேட்டால் செய்து தருவார்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்கு மாறுமுன் நிறுத்தி வைக்க முயல்வார்கள். எனவே நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பொருளில் குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சேர்ந்து வாங்கலாம்

நிறைவாக ஒரு யோசனை. தீபாவளிக்கு முந்தின நாள் மாலை பில் மெஷின் நின்றுவிட்டால், எங்கோ இருக்கும் தளம் வந்து நிற்காது. பம்மலிலோ குரோம்பேட்டையிலோ இருக்கும் சர்வீஸ்காரர்தான் ஸ்கூட்டரில் வருவார். அவரிடம் ஒரு பொருளும் வாங்காமல், பழுதுக்கு மட்டும் கூப்பிடுவதும் நியாயமில்லை.

விலையும் குறைய வேண்டும் என்றால் அதற்கு நாம் அறிந்த வழி மொத்தக் கொள்முதல். தனித்தனியாக ஒரு பிரிண்டர் கேட்பதைவிட, ஒரு தெருவில் உள்ள பத்துக் கடைகள் சேர்ந்து ரிச்சி தெருவிலோ உள்ளூரிலோ உள்ள ஒரு நல்ல டீலரிடம் பத்துப் பிரிண்டர் கேட்டால் விலை நிச்சயம் இறங்கும். பில்லோடு, உத்தரவாதத்தோடு, வந்து பொருத்தித் தரும் பொறுப்போடு இறங்கும். அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நாம் சேர்ந்து கேட்டதால் வந்தது. உறுப்பினர்கள் தங்கள் தேவையைச் சங்கத்தில் எழுதிக் கொடுத்தால் முதல் பட்டியலைத் தயாரிக்கலாம்.